சைன் அலையைச் சதுர அலையாக்குதல்: விளிம்பின் நேரத்தைப் பேணும் முறை

புது டில்லியிலுள்ள தேசிய பௌதிகச் சோதனைக்கூடம் இந்தியத் திட்ட நேரத்தைப் பேணி வருகிறது. அங்குப் பயன்படும் ஸீஸியம் அணுக் கடிகாரம் போன்ற திட்டக் கருவிகள் பொதுவாக வெளியிடுவது, விநாடிக்கு 1 கோடி சுற்றுகள், அதாவது 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சைன் அலையாகும். ஆனால், சுற்றுகளை எண்ணும் கருவிகளுக்கு இவ்வலை நேராகப் பயன்படுவதில்லை. 'மேல்', 'கீழ்' என்ற இரு நிலைகளை மட்டுமே அவை அறியும். ஆகவே சைன் அலையை முதலில் சதுர அலையாக மாற்றுதல் வேண்டும்.

சதுர அலையில் நேரத்தைக் குறிப்பது அதன் விளிம்பு. அது தோன்ற வேண்டிய கணத்திற்குச் சற்று முன்னும் பின்னுமாக அலைவதை நேர நடுக்கம் என்பர். விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோ விநாடியில் ஒளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்கிறது. ரேடாரில் துடிப்பு சென்று திரும்புவதால், 1 நானோ விநாடிப் பிழை தொலைவில் 15 சென்டிமீட்டர் பிழையாகும். எனவே, உயர்ந்த கடிகாரத்தின் துல்லியம் முழுவதும் ஒரு சிறு மாற்றுச் சுற்றில் வீணாகிவிடக் கூடும்.

நடுக்கம் எவ்வாறு எழுகிறது?

அலையின் மின்னழுத்தம் ஒரு குறித்த வரம்பைக் கடக்கும்போது சுற்று நிலை மாறுகிறது. எல்லா மின்சுற்றுகளிலும் சிறிதளவு இரைச்சல் உண்டு. அது அலையைச் சற்று உயர்த்தினால் வரம்பு முன்னதாகவும், தாழ்த்தினால் பின்னதாகவும் கடக்கப்படும். செங்குத்தான படியில் நீர்மட்டம் சற்று உயர்ந்தால் கரையோரம் இடம் மாறுவதில்லை. சாய்வான மணற்கரையிலோ நெடுந்தூரம் விலகுகிறது. இங்கும் அவ்வாறே. இதிலிருந்து பெறப்படும் விதி பின்வருமாறு:

நேர நடுக்கம் = இரைச்சல் மின்னழுத்தம் ÷ வரம்பைக் கடக்குமிடத்தில் அலையின் சரிவு

சைன் அலை சுழியைக் கடக்கும்போது சரிவு மிகுதியாக இருக்கும். வீச்சையும் அதிர்வெண்ணையும் பெருக்கி, அதனை 6.28ஆல் பெருக்கினால் அச்சரிவு கிடைக்கும். 1 வோல்ட் வீச்சும் 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் உள்ள அலைக்கு அது மைக்ரோ விநாடிக்கு 62.8 வோல்ட் ஆகும். இரைச்சல் 1 மில்லிவோல்ட் எனின், நடுக்கம் ஏறத்தாழ 16 பிக்கோ விநாடி. பிக்கோ விநாடி என்பது நானோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே வீச்சும் இரைச்சலும் இருந்து, அதிர்வெண் 10 ஹெர்ட்ஸாகக் குறைந்தால், நடுக்கம் 16 மைக்ரோ விநாடியாகப் பத்து லட்சம் மடங்கு பெருகிவிடும்.

கூர்மையான விளிம்பு மட்டும் போதாது

விரைந்து செயற்படும் கம்பாரேட்டர் ஒன்றை அமைத்தால் விளிம்பு கூர்மையாகிவிடும் என்பது மெய்யே. ஆயினும் கூர்மை வேறு, துல்லியம் வேறு. விரைவான சுற்றின் பட்டை அகலம் பெரிது. அதனூடே இரைச்சலும் மிகுதியாக நுழையும். பட்டை அகலம் 100 மடங்கு பெருகினால், சீராகப் பரவிய இரைச்சலின் மின்னழுத்தம் 10 மடங்கு பெருகும். உள்ளே வரும் அலையின் சரிவோ அதனால் சிறிதும் கூடுவதில்லை. ஒருமுறை விளிம்பில் ஏறிவிட்ட நடுக்கத்தைப் பின்வரும் பெருக்கிகள் எவையும் நீக்க மாட்டா. அவை தவறான கணத்தையே கூர்மையாகக் காட்டும்.

ஆகவே மெதுவான அலையைப் படிப்படியாகச் செங்குத்தாக்குவதே தக்க முறை. முதற்படியில் குறைந்த பெருக்கமும் குறுகிய பட்டையும் கொண்ட, இரைச்சல் குறைந்த பெருக்கியை வைத்து, அதன் வெளியீட்டை உச்சியிலும் அடியிலும் தறிக்க வேண்டும். அடுத்தடுத்த படிகளில் சரிவு கூடக்கூடப் பட்டையையும் அகலப்படுத்தலாம். முதற்படியின் பட்டையை அளவு மீறிக் குறுக்கினால் சரிவும் குன்றும். இரண்டிற்கும் இடையே உகந்த அளவைக் காண்பதே வடிவமைப்பாளரின் பணி. அணுக் கடிகாரங்களை ஒப்பிடும் கருவிகளுக்காக டிக், குன்லே, சிட்னர் ஆகியோர் 1990-இலும், இவ்வகைச் சுற்றின் வடிவமைப்பைக் குறித்துக் காலின்ஸ் 1996-இலும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்.

ஷ்மிட் சுற்றும் அதன் எல்லையும்

மெதுவான அலையில் இரைச்சல் ஏறினால், வரம்பு ஒரு முறைக்குப் பதில் பன்முறை கடக்கப்பட்டு, எண்ணிக்கை தவறும். இதற்குப் பரிகாரமாக அமைவது அமெரிக்க விஞ்ஞானி ஓட்டோ ஷ்மிட் 1934-இல் அமைத்த தூண்டு சுற்று. ஏறும்போது ஒரு வரம்பும் இறங்கும்போது அதனினும் தாழ்ந்த வரம்பும் அதில் உண்டு. இவ்விடைவெளிக்குத் தயக்கம் என்று பெயர். தயக்கம் எண்ணிக்கைப் பிழையைத் தடுக்குமேயன்றி, நேர நடுக்கத்தை நீக்காது. அன்றியும், வரம்பு சுழியினின்று விலகும்போது புதியதொரு தீங்கு நேர்கிறது. வீச்சின் பாதியளவில் வரம்பு இருப்பின், சரிவு 13 சதவீதம் குறையும். மேலும், 10 மெகாஹெர்ட்ஸ் அலையின் வீச்சு 1 சதவீதம் மாறினாலே விளிம்பு ஏறத்தாழ 90 பிக்கோ விநாடி இடம் பெயரும். ஆதலால் தயக்கத்தை இரைச்சலினும் சற்றே மிகுதியாக மட்டும் வைத்தல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

6 வோல்ட் மின்மாற்றியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் அலையைப் பெறுக. அதன் உச்ச வீச்சு ஏறத்தாழ 8.5 வோல்ட் இருக்கும். அதனை மின்தடை வழியே, சுழி வரம்புள்ள கம்பாரேட்டருக்குச் செலுத்துக. நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்த ரேடியோவின் சீறலை, மற்றொரு மின்தடை வழியே அதே முனையில் சிறிதளவு கலக்குக. ஆஸிலாஸ்கோப்பை மின்மாற்றியின் முழு மின்னழுத்தத்தால் தூண்டி, கம்பாரேட்டரின் வெளியீட்டை நோக்குக. பிறகு சீறலை மாற்றாமல், சைன் அலையை மட்டும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், விளிம்பு பரந்து மங்குவதைக் காணலாம். சில சமயம் ஒரே கடப்பில் பல விளிம்புகளும் தோன்றும். முனையில் இரைச்சல் 10 மில்லிவோல்ட் என்றும், அங்கு அலையின் வீச்சு 8.5 வோல்ட் என்றும் கொண்டால், நடுக்கம் ஏறத்தாழ 4 மைக்ரோ விநாடி; வீச்சு 0.85 வோல்ட் ஆகும்போது ஏறத்தாழ 37 மைக்ரோ விநாடி.

களப் பணியாளர் கருத்திற் கொள்ளத்தக்கவை

1. சுற்று தாங்கும் அளவுக்கு உட்பட்டு, அலையைப் போதிய வீச்சுடன் செலுத்துக. நீண்ட வடத்தில் வீச்சு குன்றினால் நடுக்கம் கூடும்.

2. வரம்பு, அலையின் நடுவிலேயே அமைகிறதா என்று பார்க்க. மேல் நிலையும் கீழ் நிலையும் சம நேரம் நீடித்தல் அதற்கு அறிகுறி.

3. மின்வழங்கியைச் சோதிக்க. அதன் இரைச்சல் வரம்பையே அசைக்குமாதலால், தூய அலையும் நடுங்கிய விளிம்பையே தரும்.

4. ஆஸிலாஸ்கோப்பில் விளிம்பு நிமிர்ந்து தோன்றுவதைக் கொண்டு மட்டும் சுற்று நன்றென முடிவு செய்யற்க. பல விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, அவற்றின் பரவலை அளந்த பின்னரே முடிவு கூறுக.

பயிற்சி: 2 வோல்ட் வீச்சும் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் உடைய அலையில் இரைச்சல் 1 மில்லிவோல்ட் எனின், நடுக்கம் யாது? மேலே கண்ட 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்காட்டின் விடையே இதற்கும் வருவதன் காரணத்தை விளக்குக.