நடும் நாள் வரை: நந்தவனக் கன்றுகளைக் காக்கும் முறை

நம் ஆலய நந்தவனத்திற்குப் பூச்செடிகளும் வில்வக் கன்றுகளும் வழங்கும் அன்பர்கள் பெருகி வருகின்றனர். முன்பு நாற்றுப்பண்ணைக்கு நேரில் சென்று வாங்கி வருவோம். இன்று வீட்டிலிருந்தபடியே சொல்லி வைத்தால் கன்று கூரியரில் ஆலய வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால், கன்று வந்து சேரும் நாளும் குருக்கள் குறித்துத் தரும் நல்ல நாளும் பெரும்பாலும் ஒன்றாக அமைவதில்லை. இடைப்பட்ட நாட்களில் அதன் உயிர் நம் கையில் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் தம் கணவரின் நினைவாக மூன்று வில்வக் கன்றுகளை வரவழைத்துக் கொடுத்தார். நடுவதற்கு ஐந்து நாள் இருந்தது. அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பிரிக்காமல் அலுவலக அறையில் வைத்துவிட்டேன். பிரித்தபோது இரண்டு கன்றுகளின் தண்டு கறுத்து அழுகியிருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே காலம் கழித்த நான், அந்த அம்மையாரிடம் பதில் சொல்ல வார்த்தையின்றி நின்றேன். அதன்பின் கேட்டும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

1. உடனே பிரித்தல்

பெட்டிக்குள் வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லை. நம் நாட்டு வெப்பத்தில் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வந்த அன்றே பிரியுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காமல் வேர்ப்பகுதியைத் தாங்கி எடுங்கள். அழுகிய இலைகளையும் முறிந்த கிளைகளையும் நீக்குங்கள்.

2. வேரைக் காத்தல்

மண்ணோடு வந்த கன்றின் மண் உலர்ந்திருந்தால், பையின் அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றுங்கள். வெறும் வேராக வந்திருந்தால் ஒரு மணி நேரம் நீரில் வைத்து, அன்றே மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்த பையில் தற்காலிகமாக நடுங்கள். நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் பயணத்தில் அறுபட்டிருக்கும். பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரித்தால் நீரிழப்பு குறையும். ஒட்டுக்கன்றாயின் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

3. நிழலிலிருந்து வெயிலுக்கு

இருட்டிலிருந்து வந்த இலை நேர் வெயிலில் கருகிவிடும். முதல் ஐந்தாறு நாட்கள் மர நிழலில் வையுங்கள். பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்து இரண்டு மணி நேரம் எனச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். இரண்டு வாரத்தில் கன்று தேறிவிடும்.

4. நீரும் உரமும்

விரலை மண்ணில் 2 சென்டிமீட்டர் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் நீர் வேண்டாம். அன்பு மிகுதியால் தினமும் ஊற்றி வேரை அழுகச் செய்பவர்களே அதிகம். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவும் கூடாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதில் ஏடிஸ் கொசு உருவாகிவிடும். புதுத் துளிர் வரும்வரை உரம் இடாதீர்கள்.

5. தனித்து வைத்தல்

வில்வமும் கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் பூச்சி மற்றொன்றுக்குத் தாவலாம். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இன்றி வெளிநாட்டுக் கன்றுகளை வரவழைக்க வேண்டாம்.

6. இலை உதிர்ந்தால்

உடனே எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் இலேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அம்மையாரின் மூன்றாவது கன்றும் இலையெல்லாம் உதிர்த்துத்தான் நின்றது. கீறிப் பார்த்தேன், பச்சை தெரிந்தது. இன்று அது ஆலய மதிலைத் தாண்டி நிற்கிறது. பிரதோஷ பூசைக்கு அதன் இலைகளை அம்மையாரே பறித்துத் தருகிறார்.

கன்று வழங்க விரும்பும் அன்பர்கள், அது வந்து சேரும் நாளை முன்கூட்டியே நிர்வாகத்திடம் தெரிவித்தால், பெற்றுக்கொள்ள ஒருவர் காத்திருப்பார். நீங்கள் அளிக்கும் ஒவ்வொரு கன்றும் தழைத்தோங்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.