கயிறு கட்டிய மூன்றாம் நாள்

நம்பிக்கை: "மன உறுதி இருந்தால் போதும். கோயிலில் கயிறு கட்டிவிட்டால் குடி அன்றோடு சரி."

கயிறு கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் குடியை விடவேண்டும் என்ற எண்ணத்தையே அந்தக் கயிறுதான் கொடுக்கிறது. ஆனால் பல வருடமாகக் காலையில் எழுந்ததுமே குடித்துப் பழகிய உடம்புக்குச் சத்தியம் தெரியாது. மது மூளையை அமுக்கும் பொருள். அதை ஈடுகட்ட மூளை தன்னை நாளெல்லாம் முடுக்கியே வைத்திருக்கும். சரக்கைச் சட்டென்று நிறுத்தினால் அமுக்கம் போய்விடும், முடுக்கம் மட்டும் நிற்கும். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். தினம் செய்த வேலையைக் கை தானாகச் செய்யும். லாரி ஓட்டியவர் படுத்தபடியே ஸ்டியரிங் திருப்புவார். வயல் வேலை பார்த்தவர் போர்வையில் நாற்றுப் பறித்து முடி போடுவார்.

இதைத்தான் 'சாமி குத்தம்', 'காத்து கருப்பு' என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள், கயிற்றுக் கட்டிலில் கட்டிப் போடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மருத்துவமனையில் சேர்த்தாலோ, டயசிபாம் போன்ற மருந்தை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்துப் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். (அந்த மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.) கயிறு தாராளமாகக் கட்டுங்கள். அதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினால் தெளிஞ்சிடுவான்."

குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின் என்ற பி1 சத்து வேண்டும். நெல் விளையும் மண்ணிலேயே, குடியில் ஊறியவர் சோற்றைத் தொடுவதில்லை. தொட்டாலும் மது அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. இருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் குளுக்கோஸ் தீர்த்துவிட்டால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகவே போகலாம். பாட்டில் மாட்டும் முன் "பி1 ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம்பிக்கை: "சாம்பாரில் கலந்து கொடுத்தால் அவருக்கே தெரியாமல் விட்டுவிடுவார்."

சுவரெல்லாம் இந்த விளம்பரம்தான். பொடியில் என்ன இருக்கிறதென்று வாங்கும் மனைவிக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்துவிட்டால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளிக்கு அதுவே எமன். டாக்டர்கள் தரும் மருந்துதான் அது, ஆனால் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு, ஈரலையும் இதயத்தையும் சோதித்துப் பார்த்துத் தருவது. தவித்துப்போன பெண்களிடம் இந்தப் பொடியை விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம்பிக்கை: "கள்ளச்சாராயம்தான் கொல்லும், கடைச் சரக்கு ஒன்றும் செய்யாது."

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் கொன்றது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால். அது நாள்கணக்கில் கொல்வது. டாஸ்மாக் சரக்கில் இருப்பது எத்தனால். ஈரலைச் சுருக்க அது வருடக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது, புற்றுநோயையும் வரவழைக்கிறது.

குடியை விட நினைப்பவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். 14416 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் இரவிலும் தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. கடைசியாக எப்போது குடித்தார், தினம் எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.