பிரேக் விளக்கு எரிந்தால் பல்பைக் கழற்றாதீர்கள்

நம் வணிகப் பெருமக்களில் பலர் இன்று சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டியோ வேனோ வைத்திருக்கிறோம். வேலூர் லாங்கு பஜாரில் சரக்கு ஏற்றி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இறக்கி வருவது அன்றாட வேலை. கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் கணக்குத் தீரும்வரை தூங்க மாட்டோம். ஆனால் வண்டியின் மீட்டர் போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் மட்டும், "அது சும்மா எரியுது" என்று விட்டுவிடுகிறோம். அந்த விளக்கைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

எங்கள் கடைக்கு வாங்கிய பழைய வண்டியில் இந்த விளக்கு அணையாமல் எரிந்தது. பிரேக் ஆயில் நிறைய இருந்தது. பிரேக்கும் நன்றாகப் பிடித்தது. எலக்ட்ரீசியன் ஒருவர் பல்பையே கழற்றிக் கையில் கொடுத்தார். செலவில்லாமல் தொல்லை தீர்ந்தது என்று நாங்களும் மகிழ்ந்தோம். சில மாதங்கள் கழித்து, சீரகச் சம்பா மூட்டைகளுடன் ஆம்பூர் சென்றபோது, பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் பிரேக் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. டிரைவர் பதறாமல் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை ஓரம் சேர்த்தார். பின் சக்கர சிலிண்டர் கசிந்து ஆயில் தீர்ந்திருந்தது. பல்பு இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கும். கழற்றச் சம்மதித்தது நாங்கள்தான், தவறும் எங்களுடையதே.

விளக்கு எப்படி எரிகிறது?

வழக்கமான வண்டிகளில் இதன் அமைப்பு மிக எளிது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ப்யூஸ், சாவி சுவிட்ச் வழியாகக் கரண்ட் பல்புக்கு வருகிறது. பல்பின் மறுபக்க வயர் இரண்டு சுவிட்சுகளுக்குப் போகிறது. ஒன்று, ஹேண்ட் பிரேக் அடியில் இருப்பது. மற்றொன்று, பிரேக் ஆயில் டப்பாவில் மிதவையோடு இருப்பது. இரண்டில் எது எர்த்தைத் தொட்டாலும் விளக்கு எரியும். இடையில் வயரின் உறை கிழிந்து வண்டியின் இரும்பைத் தொட்டாலும் அதே விளக்குத்தான் எரியும். மெய்யான ஆபத்துக்கும் வெறும் வயர் கோளாறுக்கும் ஒரே பல்பு என்பதை மறக்கக் கூடாது.

வரிசையாகப் பார்ப்பது எப்படி?

ஓடும்போது எரிந்தால் முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள். பெடல் மெத்தென்று இருந்தாலோ, அழுத்திப் பிடிக்கையில் மெல்லக் கீழே இறங்கினாலோ வண்டியை ஓட்டவே வேண்டாம். பெடல் உறுதியாக இருந்தால் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கீழ்க்கண்டவாறு பாருங்கள்.

1. பிரேக் ஆயில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். பேடு தேயத் தேய ஆயில் மட்டம் சிறிது இறங்கும். வேகமாக இறங்கினால் கசிவுதான். சக்கரங்களின் உட்புறம் ஈரம் உள்ளதா என்று பாருங்கள். வளைவிலும் பிரேக் போடும்போதும் மட்டும் விளக்கு மினுக்கினால், ஆயில் கீழ்க் கோட்டருகே நின்று ஆடுகிறது என்று பொருள். 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரிப் பாதைக்கு இப்படிப்பட்ட வண்டியை அனுப்பாதீர்கள்.

2. ஆயில் சரி என்றால், சாவியைப் போட்டு ஹேண்ட் பிரேக்கை முழுதும் இறக்குங்கள். லீவரைக் கையால் இன்னும் கீழே அழுத்தும்போது விளக்கு அணைந்தால், சுவிட்ச் நகர்ந்திருக்கிறது. அணையாவிட்டால் சுவிட்சின் வயரைக் கழற்றுங்கள். இப்போது அணைந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது, மாற்ற வேண்டும்.

3. இன்னும் எரிந்தால், ஆயில் டப்பா மூடியில் உள்ள கப்ளரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் மிதவை மூழ்கியோ சுவிட்ச் ஒட்டியோ இருக்கும்.

4. இரண்டையும் கழற்றியும் எரிகிறதா? வயர் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. டெஸ்ட் லாம்ப் வைத்து எலக்ட்ரீசியன் கண்டுபிடிக்க வேண்டிய வேலை இது.

5. ஹேண்ட் பிரேக்கை இழுத்தும் விளக்கே எரியவில்லையா? இதுதான் எல்லாவற்றிலும் மோசம். பல்பு போயிருக்கலாம், ப்யூஸ் போயிருக்கலாம், அல்லது யாரோ கழற்றியிருக்கலாம்.

கணினி பொருத்திய புதிய வண்டிகளில் கப்ளரைக் கழற்றினாலே விளக்கு எரியக்கூடும். அவற்றைக் கம்பெனி பட்டறையில் காட்டுவதே நல்லது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால், பெரும்பாலும் சக்கரத்தருகே உள்ள சென்சாரிலோ அதன் வயரிலோ கோளாறு. சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் சக்கரம் இறுகி வழுக்கலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

நம் பகுதியின் எதிரிகள் இரண்டு

முதலாவது உப்பு. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டே தோல் பதனிடும் ஆலைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். தோல் ஏற்றும் வண்டியின் தளத்திலிருந்து உப்புநீர் ஒழுகிச் சேசிஸ், வயர், எர்த் போல்டு எல்லாவற்றையும் அரிக்கிறது. நாம் வாங்கும் பழைய வண்டிகளில் சில இப்படித் தோல் ஏற்றி ஓடியவை. எங்கள் வண்டியும் அப்படிப்பட்டதே. ஹேண்ட் பிரேக் சுவிட்சுக்குப் போகும் வயர், அரித்த இடத்தில் இரும்பைத் தொட்டதால்தான் முதலில் விளக்கு எரிந்தது என்று பின்னர் தெரிந்தது. ஒரு முழ வயரில் சரியாகிவிட்டது! பழைய வண்டி வாங்கும்போது கப்ளர்களைத் திறந்து பாருங்கள். முனைகளில் பச்சை நிறப் பூச்சு இருந்தால் செம்பு அரிக்கப்படுகிறது. நாம் ஏற்றும் உப்பு மூட்டையும் இதே வேலையைச் செய்யும். இறக்கியதும் தளத்தையும் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இரண்டாவது எலி. சிந்திய பருப்புக்காக வண்டியில் ஏறும் எலி வயரையும் கடிக்கும். இரவில் வண்டியைப் பெருக்கிவிட்டு நிறுத்துங்கள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். சூடான பிரேக்கில் ஆயில் கொதித்தால் பெடல் வெறுமனே இறங்கும். எனவே வண்டிக் கையேட்டில் குறித்த வகையையே, குறித்த காலத்தில் மாற்றுங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

சட்டம் முதலாளியையும் பிடிக்கும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190, பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய பழுது என்றாலே போதும். 2019 திருத்தத்தின்படி அபராதம் 1,500 ரூபாய். அப்பழுதால் விபத்து நேர்ந்து ஒருவருக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பல்பைக் கழற்றிய வண்டிக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை.

காலையில் கடை திறந்து சாமிக்கு விளக்கேற்றுகிறோம். அதோடு வண்டியின் விளக்கையும் பார்க்க டிரைவரிடம் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கும்போது சாவி போட்டால் எரிய வேண்டும். என்ஜின் ஓடி, ஹேண்ட் பிரேக் இறங்கியதும் அணைய வேண்டும். அரை நிமிட வேலை. சரக்கு போனால் மீண்டும் வாங்கலாம். நம்மை நம்பி வண்டி ஓட்டும் பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.