புவா கெராஸ் என்னும் மெழுகுவத்தி மரம்

அக்ரோட்டுக் கொட்டையை நம்மில் பலர் பெருநாள் காலத்தில் கடைகளில் கண்டிருப்போம். ஆங்கிலத்தில் அதனை வால்நட் என்பர். அது குளிர்நாட்டு மரம். காசுமீரத்திலும் ஈரானிலும் செழித்து வளர்வது. நம் தோட்டத்து வெப்பம் அதற்கு ஒவ்வாது. ஆனால், அதன் பெயரைக் கடன் வாங்கிக்கொண்ட வேறொரு மரம் நமக்கு மிக அருகிலேயே உள்ளது. தமிழில் அதற்கு நாட்டு அக்ரோட்டு என்று பெயர். மலாய்க்காரர் புவா கெராஸ் என்பர். கடினமான காய் என்பது அதன் பொருள். பெயரைச் சொன்னதுமே நம் அன்னையர்க்கு அம்மியும் சம்பலும் நினைவுக்கு வரும்.

பெயரளவில் அக்ரோட்டு என்றாலும், இம்மரத்திற்கும் உண்மையான அக்ரோட்டு மரத்திற்கும் உறவு ஏதுமில்லை. இதன் உறவினர் யாவர் என்று கேட்டால் நாம் வியப்படைவோம். நாள்தோறும் நம் பெற்றோர் பால் வெட்டும் இரப்பர் மரம், சப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1942 முதல் 1945 வரை தோட்டத்து மக்களின் உயிரைக் காத்த மரவள்ளி, நம் பாட்டிமார் போற்றும் ஆமணக்கு ஆகிய மூன்றும் புவா கெராசும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரப்பரும் மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகளின் வழியாகவே இரப்பர் இங்குக் காலூன்றியது. புவா கெராசோ தென்கிழக்காசிய வட்டாரத்திற்கே உரிய மரம்.

இதன் அறிவியற் பெயர் அலூரைட்டஸ் மொலுக்கானஸ் என்பதாகும். முதற்சொல் மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இளம் இலைகளின்மேல் வெண்ணிற நுண்மயிர்கள் படர்ந்திருப்பதால், மரத்தின்மீது யாரோ மாவைத் தூவிவிட்டாற்போலத் தோன்றும். பசுமையான காட்டினிடையே வெளிறிய வெள்ளி நிறத்தில் தலை காட்டும் மரம் எது என்று தொலைவிலிருந்தே சொல்லிவிடலாம். இரண்டாவது சொல் மொலுக்கஸ் தீவுகளைச் சுட்டுவது. மரம் ஏறத்தாழ இருபது மீட்டர் உயரம் வளரும். சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். உருண்டையான காயினுள் ஒன்று அல்லது இரண்டு கொட்டைகள் இருக்கும். அவற்றின் ஓடு கல்லை ஒத்தது. சந்தையில் நாம் வாங்குவது ஓடு நீக்கிய வெண்பருப்பேயாகும்.

அப்பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்தான்! ஆகையால்தான் இதற்கு மெழுகுவத்திக் கொட்டை என்ற பெயரும் ஏற்பட்டது. மின்விளக்கு வருவதற்கு முன்னர், பசிபிக் தீவு மக்கள் பருப்புகளைத் தென்னை ஈர்க்கில் வரிசையாகக் கோத்து, நுனியிலுள்ள பருப்பில் தீ மூட்டுவர். ஒரு பருப்பு ஏறக்குறைய கால் மணி நேரம் எரியும். அது அணையுமுன் அடுத்தது பற்றிக்கொள்ளும். ஆகவே, எத்தனை பருப்பு எரிந்தது என்று பார்த்துப் பொழுதையும் கணக்கிட்டனர். பழங்காலத்தில் படகேறிச் சென்ற குடிமக்கள் இக்கொட்டைகளையும் உடன் கொண்டு சென்றதனால் மரம் ஹவாய்த் தீவுகள்வரை பரவியது. 1959ஆம் ஆண்டில் ஹவாய் இதனைத் தன் மரமாக அறிவித்தது. அதன் புகைக்கரியைப் பச்சை குத்தும் மையாகவும் அத்தீவினர் பயன்படுத்தினர்.

இவ்விடத்தில் நம் மொழியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆமணக்கு எண்ணெயை நாம் விளக்கெண்ணெய் என்கிறோம். விளக்கெரித்த அதே எண்ணெயைத்தான் வயிறு கழியவும் கொடுத்தனர். புவா கெராசும் அவ்வாறே: எரித்தால் ஒளி, பச்சையாகத் தின்றால் பேதி.

இதனை நாங்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மாணவர் இருவர், வீட்டில் இருந்த பருப்பைப் பாதாம் என்று எண்ணி, ஓய்வு நேரத்தில் பங்கிட்டு உண்டனர். சுவையும் நன்றாகவே இருந்ததாம்! பள்ளி முடிவதற்குள் இருவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு வேறு. நல்ல வேளையாக ஒருவன் சட்டைப்பையில் இரண்டு பருப்புகள் எஞ்சியிருந்தன. அவற்றை மருத்துவரிடம் காட்டியதும் காரணம் விளங்கிவிட்டது. மாலைக்குள் தெளிந்தனர். வீட்டிலே இத்தகைய நிலை நேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல், எஞ்சிய கொட்டையுடன் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சிறுவர் மட்டுமே ஏமாந்தனர் என்று எண்ண வேண்டா. தென் அமெரிக்க நாடுகளில் உடல் மெலிய வேண்டிப் பெரியவர்களே இக்கொட்டையை விலைகொடுத்து வாங்கி விழுங்கினர். அதன் நச்சுத்தன்மை கருதிப் பிரேசில் அரசு 2017ஆம் ஆண்டில் அதன் விற்பனையைத் தடை செய்தது.

அவ்வாறாயின் நம் குழம்பில் அதனை இடலாமா எனப் பெற்றோர் வினவலாம். அதற்கான வழியை நம் சமையலறை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. பருப்பை வறுத்தோ, மிளகாய், வெங்காயத்துடன் அரைத்து எண்ணெய் பிரியும்வரை வதக்கியோ, முற்றும் வேகவைத்தே உண்கிறோம். ஒரு சட்டிக் குழம்புக்கு நான்கைந்து பருப்புகள் போதும். குழம்பு கெட்டியாகி மணக்கும். மரவள்ளியை வேகவைப்பதும் இக்காரணம் பற்றியே. பகாங்கில் இரப்பர் விதையையும் வேகவைத்துப் புளிக்க விட்டு, ஆசாம் ரோங் என்னும் சமையற்பொருளாக்குகின்றனர். நாமோ இரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து நண்பன் கையைச் சுடுவதோடு நின்றுவிட்டோம்!

மரம் வளர்ப்பதில் துன்பம் மிகுதியாக இல்லை. முளைக்க வைப்பதுதான் பொறுமையைச் சோதிப்பது. ஓடு கெட்டியாக இருப்பதனால் விதை மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். இந்தோனேசியாவில் கொட்டைகளைத் தரையில் பரப்பி, உலர்ந்த லாலாங் புல்லால் மூடிக் கொளுத்தி, சூடாறுமுன் குளிர்ந்த நீரில் இடுவர். ஓட்டில் வெடிப்பு விழுந்து முளை எளிதாக வெளிவரும். மேட்டு நிலத்திலும் சரிவிலும் மரம் நன்கு வளர்கின்றது. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். மரக்கட்டை இலேசானது, வீடு கட்ட உதவாது.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி வேலியோரம் ஐந்து விதைகளை ஊன்றினோம். புல்லைக் கொளுத்த அஞ்சி, ஓட்டைச் சற்றே உரசி மட்டும் விட்டோம். ஒன்றுதான் முளைத்துள்ளது. இப்போது முழங்கால் உயரம் இருக்கிறது. வெள்ளிநிற இலைகள் ஏழு. காய்க்க இன்னும் காலம் இருப்பினும், "காயைப் பச்சையாகத் தின்னாதீர்" என்ற பலகையை நான்காம் ஆண்டு மாணவர்கள் இப்போதே எழுதி நட்டுவிட்டனர்.