மின்கலத்தால் இயங்கும் மைக்ரோகண்ட்ரோலர் பலகை

வெப்பநிலையைத் தானே பதிவு செய்வதற்கு ஆர்டுயினோ யூனோ போன்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகைகள் பள்ளிகளிலும் வயல்வெளிகளிலும் பயன்படுகின்றன. மின்வசதியற்ற இடங்களில், கடையில் எளிதாகக் கிடைக்கும் 9 வோல்ட் சிறு பெட்டரியையே பலரும் நாடுகின்றனர். இத்தேர்வு பொருத்தமானதன்று.

அப்பெட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லியாம்பியர்-மணி. பலகையோ, வேறு வேலை யாதுமின்றியே ஏறத்தாழ 50 மில்லியாம்பியரை ஈர்க்கும். ஆகவே கணக்கின்படி 10 மணி நேரமே அது தாங்கும். நடைமுறையில் அதுவும் குறையும். மாலை 6 மணிக்கு வைத்த கருவி மறுநாள் அதிகாலை 4 மணிக்குள் தளர்ந்துவிடும். நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பொதுவாக நிகழ்வதோ சூரிய உதயத்தை ஒட்டியே.

கருவி அடியோடு நின்றுவிட்டால் இழப்பேனும் கண்ணுக்குத் தெரியும். நிற்பதற்குமுன் அது பொய்யளவுகளைத் தருவதே பெருந்தீங்கு. பலகையிலுள்ள மின்னழுத்தச் சீராக்கி 5 வோல்ட்டை நிலைநிறுத்துவதற்கு, உட்செல்லும் மின்னழுத்தம் 7 வோல்ட்டேனும் இருத்தல் நலம். அதனினும் வெகுவாகத் தாழ்ந்தால் அந்த 5 வோல்ட்டும் சரியத் தொடங்கும். வழக்கமான அமைப்பில் இதையே அளவுகோலாகக் கொண்டு சில்லு அளக்கின்றது. எல்.எம்.35 என்னும் உணர்வி ஒரு செல்சியஸ் பாகைக்கு 10 மில்லிவோல்ட் தரும். 18 பாகையில் 180 மில்லிவோல்ட். அளவுகோல் 4.5 வோல்ட்டாகச் சுருங்கியிருக்க, அதை 5 என்றே கொள்ளும் நிரல் 20 பாகை என எழுதிவிடும். முழக்கோல் குட்டையானால் துணி நீளமாகத் தோன்றுமல்லவா?

இதைத் தவிர்க்க, சில்லின் உள்ளேயே அமைந்த 1.1 வோல்ட் ஆதார மின்னழுத்தத்தை அளவுகோலாகக் கொள்ளலாம். அது சில்லுக்குச் சில்லு சிறிது வேறுபடுமாதலின், நல்ல வெப்பமானியோடு ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும்.

சாதாரண ஏஏ அல்கலைன் மின்கலங்கள் ஆறினைத் தொடராக இணைப்பின் அதே 9 வோல்ட் கிடைக்கும். கொள்ளளவு 2000 மில்லியாம்பியர்-மணி அளவினது. எனவே கருவி ஏறத்தாழ 40 மணி நேரம் உழைக்கும். எனினும் ஆற்றலில் ஒன்பதில் நான்கு பங்கு சீராக்கியில் வெப்பமாகவே வீணாகும். இவ்வீணைத் தவிர்க்கக் கருதி நான்கு புதிய மின்கலங்களை 5 வோல்ட் முனையில் நேரே இணைப்பது தவறு. அவை 6 வோல்ட்டுக்கு மேலும் தரும், சில்லின் இயக்க வரம்போ 5.5 வோல்ட். நிரலால் சில்லை உறங்கச் செய்யினும் விளக்கும் சீராக்கியும் யுஎஸ்பி சில்லும் உறங்கா. பல நாள் பதிவுக்கு இவையற்ற பலகையே ஏற்றது.

களத்திற்குச் செல்லுமுன் பெட்டரியைப் பலகையோடு இணைத்து, ஓடும்போதே வோல்ட்மானியால் அளக்க வேண்டும். தனியே அளப்பின் தளர்ந்த பெட்டரியும் நல்லதுபோலவே காட்டும்.