ஊழியத்துக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு

1. பழைய பெருமையைச் சுமந்துகொண்டு சேகரத்துக்குள் நுழையாதீர்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வைத்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் ஆஸ்பத்திரி கட்டினார். அன்று அவற்றைச் செய்ய ஆள் குறைவு. இன்று அரசுப் பள்ளியில் காலைச் சாப்பாடே போடுகிறார்கள். நம் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களிலோ ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்கு இடமில்லை. யார் மிஷன் வேலை செய்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

2. வீடு சந்திக்கப் போனால் உட்காருங்கள். ஜெபித்ததும் எழும்பிவிடாதீர்கள். ஒரு வீட்டில் மகன் கனடாவில், அம்மா தனியாக. அடுத்த வீட்டில் குடி. அந்த அடுத்த வீடு எந்த மதமானாலும் உங்கள் சேகரம்தான்.

3. நிவாரண அரிசியையும் துண்டுப் பிரசுரத்தையும் ஒரே பையில் போடாதீர்கள். மதமாற்றச் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. பசியோடு நிற்கிறவனிடம் வாங்குகிற சம்மதம் சம்மதமே அல்ல. போட்டோவும் வேண்டாம்.

4. வடக்கே போகிறவர்கள் அசரியாவைப் படியுங்கள். வெள்ளாளன்விளைக்காரர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே, எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்கிறீர்கள், ஆனால் சிநேகிதராகப் பழகவில்லையே என்ற பொருளில் பேசினார். இன்று அந்த மிஷனெரிகளின் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆதிவாசிக் கிராமத்தில் அவர்கள் வீட்டில், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுங்கள். அவர்கள் பாஷை நாக்கில் படியும்வரை பிரசங்கத்துக்கு அவசரப்படாதீர்கள்.

5. யூடியூப் பிரசங்கம்: வாரம் ஒன்று போதும்.

6. இதுதான் கஷ்டமானது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அதை மாற்றச் சொல்லி ஊர்வலம் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் அதே சபையில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகத்தானே கிடக்கிறது? திருமண்டலத் தேர்தல் வந்தால் வேட்பாளரின் சாதியைத்தானே முதலில் எண்ணுகிறோம்? வெளியே இருக்கிறவர்கள் நம் பிரசங்கத்தைவிட இதைத்தான் கவனமாகப் பார்க்கிறார்கள். மிஷன் களம் நமக்குள்ளேயும் இருக்கிறது. மதுரை-இராமநாதபுரம் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் 1974இல் இங்கிலாந்து திரும்பி, தன் சொந்த நாடே மிஷன் களம் என்று கண்டு, பர்மிங்ஹாமில் ஒரு சின்ன சபைக்குப் போதகராகப் போனார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். சேகரக் கமிட்டி அறை போதும். போன முதல் வருஷமே அங்கே கல்லறைப் பேச்சை எடுங்கள். தள்ளிப்போட்டால் உங்களுக்கும் பழகிவிடும்.