காக்கும் வாயிலும் மீட்கும் வழியும்

நுழையும்முன்

கம்பியில்லா இணையம் இன்று பல வீடுகளில் பரவியுள்ளது. அதை வழங்கும் சிறு பெட்டியை ரவுட்டர் என்பர். தமிழில் அது திசைவி எனப்படும். திசைவியில் இரு அமைப்புகள் உள்ளன. ஒன்று, வருவோரைத் தடுத்துக் காப்பது. மற்றொன்று, வாயில் அடைபட்டபோது உரியவரை உள்ளே அழைத்துச் செல்வது. இவ்விரண்டையும் முறையாக அமைப்பதைப் பற்றியது இப்பாடம்.

வடிகட்டியின் விதிகள்

இணையத்தில் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, துறை எண் ஆகியவற்றைத் தாங்கி வருகிறது. 443 என்பது பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான துறை எண். 22 என்பது தொலைவிலிருந்து கருவியை இயக்குவதற்கான துறை எண். இவற்றைப் படித்து, பொதியை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதே வடிகட்டி.

லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் திசைவிகளில் பொதிகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன: திசைவிக்கே வருவன, திசைவியிலிருந்து புறப்படுவன, திசைவியைக் கடந்து செல்வன. ஒவ்வொரு வகைக்கும் தனி விதிப்பட்டியல் உண்டு. பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். ஏற்க அல்லது மறுக்கச் சொல்லும் விதிகளுள் முதலில் பொருந்துவதே செயற்படும். அதற்குப் பின்னுள்ளவை பார்க்கப்படுவதில்லை.

இரண்டு விதிகளை எடுத்துக்கொள்வோம்.

1. 192.168.1.10 என்னும் முகவரியுடைய கணினி 22ஆம் துறையை அணுகலாம்.
2. வேறு எந்தக் கணினியிலிருந்து வந்தாலும், 22ஆம் துறைக்கான பொதி மறுக்கப்படும்.

இரண்டாம் விதியில் ‘வேறு’ என்னும் சொல்லைக் கருவி அறியாது. ‘எங்கிருந்து வந்தாலும் மறு’ என்றே அது கொள்ளும். எனவே வரிசை மாறினால், விதிகளை எழுதிய பொறுப்பாளரின் கணினியும் மறுக்கப்படும். தொலைவிலிருந்து திருத்துபவர் தம் கையாலேயே தம் வழியை அடைத்துக்கொள்வார்.

தொடர் துறை

அப்போது உதவுவது தொடர் துறை. இது எண்ணன்று, கையால் தொட்டு இணைக்கக்கூடிய முனை. தரவை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதால் இப்பெயர் பெற்றது. வலையமைப்பின் வழியாக வராததால் வடிகட்டியின் விதிகள் இதனைத் தடுப்பதில்லை.

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் திசைவி 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதன் மின்சுற்றுப் பலகையில் தொடர் துறைக்குரிய இணைப்புப் புள்ளிகள் இருந்தன. இத்தகைய கருவியை இணைக்கும்போது, ஒன்றன் அனுப்பும் முனை மற்றதன் பெறும் முனையோடு சேர வேண்டும். புவி இணைப்புகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். பலகையின் முனை 3.3 வோல்ட்டில் இயங்கும். பழைய கணினிகளின் ஆர்எஸ்-232 முனையோ அதனினும் மிகுந்த மின்னழுத்தம் உடையது. இடையே மாற்றி இல்லாமல் இணைத்தால் கருவி பழுதாகும். இருபுறமும் வேகம் ஒன்றாக இல்லையெனில் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும்.

தெரிந்து தெளிவோம்

ஓர் எழுத்துக்கு 8 தரவு பிட்டுகள், ஒரு தொடக்க பிட்டு, ஒரு நிறைவு பிட்டு என 10 பிட்டுகள் தேவை. ஆகவே நொடிக்கு 9600 பிட்டு வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும்.

திறந்த வாயிலின் விளைவு

பல கருவிகளில் தொடர் துறை கடவுச்சொல் கேட்பதில்லை. ஆகவே திசைவியைப் பூட்டிய அறையில் வைப்பதும் காவலின் ஒரு பகுதியே.

2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீநிரல், 23ஆம் துறை திறந்திருந்த கேமராக்களையும் திசைவிகளையும் தேடிச் சென்றது. ஆலையில் இடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டே அவற்றினுள் நுழைந்தது. அவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவிகள் அக்டோபர் 21 அன்று டின் என்னும் நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டர் உள்ளிட்ட தளங்களைப் பலரால் திறக்க இயலவில்லை. கருவிகளின் உரிமையாளருள் பலர் அதனை அறிந்திருக்கவே இல்லை. தம் வாயிலைக் காவாமை பிறர்க்கும் தீங்காகும் என்பதே அந்நிகழ்வு தரும் பாடம்.

கற்பவை கற்றபின்

1. மேற்காட்டிய இரு விதிகளின் வரிசையை மாற்றி, விளைவை விளக்குக.
2. ‘மீட்கும் வழிக்கும் காவல் வேண்டும்’ – வகுப்பில் கலந்துரையாடுக.